பெரட்டுக் களத்தில் கஞ்சி குடித்த அஞ்சலை

வாருங்கள், வாருங்கள். நியாலாஸ் பக்கத்து ஆட்கள் இப்படி நிழலுக்கு வந்து உட்காருங்கள். பெம்பானிலிருந்து நடந்து வந்தவர்கள் முதலில் காலைக் கழுவிக்கொண்டு தண்ணீர் குடியுங்கள். எல்லோருக்கும் உடம்பு சுகந்தானே? ஆத்தாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? சின்னவன் நடக்கிறானா? இதையெல்லாம் கேட்கிற நாள் இது இல்லைதான். ஆனாலும் கேட்காமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

அஞ்சலைக்குக் கருமாதி செய்யப் பண்டாரம் இன்னும் வரவில்லை. அவர் வரும்வரைக்கும் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நான் இந்தத் தோட்டத்து மாட்டுவண்டிக்காரன், கோவிந்தன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அதோ பள்ளிக்கூட வாத்தியார் நல்ல தமிழாக்கி எழுதிக்கொள்கிறார். அஞ்சலையின் பேர் நிற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். என் எண்ணம் வேறு. காரியம் முடிந்ததும் அவள் புருஷன் மாரிமுத்துவும் அவனுடைய சொந்தக்காரர்களும் உட்கார்ந்து, மகள் வள்ளி இனி யார் வீட்டில் இருப்பது என்று பேசப் போகிறார்கள். அந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்கிறவர்கள், அஞ்சலை அவளை எப்படி இதுவரை உயிரோடு வைத்திருந்தாள் என்று தெரிந்துகொண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் எடுத்தால் அடுத்த கருமாதிக்கும் நீங்கள் இதே நிழலில்தான் வந்து உட்காருவீர்கள்.

சேதி எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். பெம்பானில் காதர் பாய் கடை வாசலில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து, இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னான்.

“அண்ணே, அஞ்சலை போயிட்டாங்க.”

“வள்ளியா?” என்றேன்.

“வள்ளி இல்லண்ணே. அஞ்சலை அக்கா.”

“டேய், சரியாக் கேட்டுக்கிட்டு வந்தியா? புள்ளையா இருக்கும்டா.”

“நான் பாத்துட்டுத்தாண்ணே வரேன். குளிர்காய்ச்சல்.”

அவனை நான் திருத்தப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக, அந்த வீட்டுப் பக்கமிருந்து யார் வேகமாக வந்தாலும் வள்ளிதான் போய்விட்டாள் என்று நினைத்துப் பழகியவன் நான். நீங்களும் அப்படித்தான். அஞ்சலையை நோஞ்சான் என்று நாம் யாருமே நினைத்ததில்லை. கறுப்பாக, குட்டையாக இருப்பாள். அவள் நடந்தால் பின்னால் வருகிறவன் ஓட வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண்களில் அவள் வாளிதான் முதலில் நிறையும். அப்படிப்பட்டவளைக் காய்ச்சல் வந்து சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

நம் லயத்து வரிசை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன், வாத்தியார் எழுதிக்கொள்ளட்டும். காலையில் பெரட்டு கிடையாது, ஆள் கணக்கு எடுக்க யாரும் கூப்பிட மாட்டார்கள். அன்றைக்குத்தான் பிள்ளைகளைப் பிடித்து மடியில் கிடத்தி, மூக்கைப் பொத்தி, விளக்கெண்ணெய் ஊற்றுவது. என் பெண்டாட்டி பாக்கியத்துக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் துரத்திப் பிடித்துக் கொடுப்பாள். ஒருத்தன் அவள் விரலைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் இப்போது ஜாசினில் லாரி ஓட்டுகிறான், பார்க்கிறபோதெல்லாம் விரலைக் காட்டச் சொல்லிச் சிரிப்பான். அது கிடக்கட்டும். கொஞ்ச நேரத்தில் சாக்கடை ஓரமாகப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தியிருக்கும். எவள் பிள்ளைக்கு நன்றாகப் போனதோ அவள்தான் நல்ல தாய்.

அஞ்சலை நல்ல தாய். முன்னால் பிறந்தவை தங்காமல் வள்ளி ஒருத்திதான் தங்கினாள். அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது மலத்தில் ரத்தம் கண்டது. சளியும் ரத்தமுமாக, நாளெல்லாம். உள்ளே அழுக்கு நின்றுவிட்டது என்று, மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊற்றியதை அஞ்சலை நடுவாரத்திலும் ஊற்றினாள். ரத்தம் கூடியது. கூடக் கூட இன்னும் ஊற்றினாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸரும் பூச்சி மருந்தும் பேதியுப்பும் கொடுத்தார். அதற்கும் நிற்காமல் போகவே ரத்தக்கழிச்சல் கொட்டகையில் படுக்க வைத்தார்கள். அந்தக் கொட்டகையைத் தாண்டும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம், இல்லையா? அங்கே கழிச்சலுக்குப் போடுகிற ஊசியைப் போட்டுப் போட்டுப் பிள்ளையின் தொடை கல்லாகிவிட்டது. கடைசியில் டிரெஸ்ஸர் அஞ்சலையைக் கூப்பிட்டார்.

“இந்த ஊசிக்கு இது கேட்டிருக்கணும்மா. கேக்கல. என்ன வியாதின்னு எனக்குப் புரியல. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.”

வண்டியில் பெம்பான் வரைக்கும் நான்தான் கொண்டுபோனேன். அப்போது என்னிடம் இருந்த வலத்து மாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பலகைப் பாலத்தைக் கண்டால் படுத்துவிடும். அடித்தாலும் எழுந்திருக்காது. தாலாட்டுப் பாடினால் எழுந்து நடக்கும். அன்றைக்கும் பாலத்தில் படுத்துவிட்டது. எனக்குப் பாட்டு வரவில்லை. பின்னால் பிள்ளையை மடியில் போட்டிருந்த அஞ்சலைதான் பாடினாள். மாடு எழுந்து நடந்தது. வள்ளி கண்ணைத் திறக்காமலே, “அம்மா, எனக்கா மாட்டுக்கா?” என்று கேட்டாள். “ரெண்டு பேருக்கும்தான், படு” என்றாள் அஞ்சலை.

பெம்பானில் பஸ்காரன் ஏற்ற மாட்டேன் என்றான்.

“நாத்தம் அடிக்குது. மத்த ஆளுங்க எறங்கிடுவாங்க.”

“மத்தவங்க மூக்கை மூடிக்கட்டும். எம்புள்ள வயித்தை மூட முடியாது” என்றாள் அஞ்சலை.

காதர் பாய் கடையிலிருந்து இறங்கி வந்தார். “ஏறட்டும் லா. போன வாரம் உன் பஸ்ல ஆடும் கோழியும் வந்துச்சே, அதுங்க என்ன அத்தர் பூசிக்கிட்டா வந்துச்சு?” என்றார். பஸ்காரன் முனகிக்கொண்டே வழி விட்டான். அஞ்சலை ஒரு சாக்கை விரித்து அதில் உட்கார்ந்து, பிள்ளையைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். மலாக்கா போய்ச் சேரும்போது அவள் சேலை முழுக்க ரத்தமாக இருந்ததாம். ஒரு சொட்டுக்கூட பஸ்ஸில் படவில்லையாம். அதைப் பின்னால் அவள் பெருமையாகச் சொல்வாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்துப் பார்த்தார்கள். நான் கூட்டிவரப் போயிருந்த அன்று வெள்ளைக்கார டாக்டர் பேச, அங்கே வேலை பார்க்கிற தமிழ் ஆள் ஒருவர் எங்களுக்குச் சொன்னார்.

“இங்க பாரும்மா. கொழாய் விட்டுப் பாத்தாங்க. பெருங்குடல் பூரா புண்ணு. மலத்துல பூச்சி இல்ல, கிருமி இல்ல. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டற வியாதி இல்ல இது. ஏன் வருதுன்னு சீமையிலயும் தெரியலயாம். தீத்து வைக்க மருந்து கெடையாது. வரும், போகும், மறுபடி வரும். பேதிக்கு மட்டும் குடுத்துடாத. காரம் ஆகாது. வரும்போது படுக்க வச்சுக் கொழைஞ்ச கஞ்சி குடு. ரத்தம் ஊற இந்த இரும்பு மருந்து.”

“எப்பங்க சரியாவும்?”

“அதத்தான் நானும் கேட்டேன். தொரை சன்னலப் பாத்துக்கிட்டு நின்னாரு.”

வெளியே படிக்கட்டில் அஞ்சலை உட்கார்ந்துவிட்டாள். பஸ் போய்விடும் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, மூக்கைப் பொத்தி ஊத்துனது நான்தானே?”

“லயத்துல எல்லாரும் ஊத்தறதுதானே தங்கச்சி.”

“எல்லார் புள்ளைக்கும் உள்ள புண்ணு இல்லியே.”

அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கெண்ணெய்ப் புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் மட்டும் பிள்ளை அழுகிற சத்தம் கேட்காது. நம் பெண்கள் அதற்கும் பேசினார்கள், பிள்ளை வயிற்றைச் சுத்தம் பண்ணாத சோம்பேறி என்று.

இனிச் சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பழைய அரிசியைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, உப்பு மட்டும் போட்டுக் கொடுப்பாள். ரத்தம் வருகிற நாட்களில் அந்தக் கஞ்சித் தண்ணீர்தான், இல்லாவிட்டால் காதர் பாய் வரவழைத்துக் கொடுத்த ஆராரூட் மாவுக் கூழ். ரத்தம் நின்றால் வேகவைத்த வாழைப்பழம், பிறகு கொஞ்சம் மீன். ஒன்றைக் கொடுத்தால் அடுத்த நாள் வரைக்கும் வேறு எதுவும் புதிதாகக் கொடுக்க மாட்டாள். பால் அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்படித்தான் கண்டுபிடித்தாள். லயத்துக் கோடியில் இருக்கிற கக்கூசுக்கு வள்ளியால் ஓட முடியாது என்று மாரிமுத்துவை வீட்டுக்குப் பின்னால் குழி தோண்ட வைத்தாள். ஒவ்வொரு தடவையும் சாம்பல் போட்டு மூடுவாள். துணிகளைத் தனியாகக் கொதிக்க வைப்பாள். இத்தனையும் பால் வெட்டிவிட்டு வந்து. காதர் பாய் அவளைக் கேலி பண்ணுவார்: “ஏம்மா, மொளகா வாங்காத ஒரே தமிழச்சி இந்த மலாக்காவுல நீதான் லா.”

பிள்ளைக்குச் சரியாகிவிட்டதா என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பிடிக்காது. “சரியாப் போச்சான்னு கேக்காதீங்க. இன்னிக்கு என்னான்னு கேளுங்க. இன்னிக்கு ரெண்டு வாய் சாப்ட்டா. போதுமா?” என்பாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அது. ஒருநாள் பெரட்டில், எல்லோரும் நிற்கும்போது, கங்காணி அஞ்சலையிடம் சொன்னார்.

“அஞ்சலை, கேட்டுக்க. கழிச்சல் இருக்கற வீட்ட மொதல்ல கப்பலேத்தணும்னு தொரை சொல்லிட்டாரு. ஒங்க வீடுதான்.”

கப்பலில் அந்தப் பிள்ளை கரை சேராது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

“எம்புள்ளைக்கு ஒட்டாத கழிச்சலுங்க. பெரியாஸ்பத்திரியில சொன்னாங்க.”

“ரத்தம் போனா ஒட்டறதுதான். லயமே பயப்படுது.”

அஞ்சலை வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வள்ளி பாதி குடித்து வைத்திருந்த கஞ்சிக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். கங்காணிக்கு முன்னால், எல்லோரும் பார்க்க நின்றுகொண்டே, அந்தப் பிள்ளையின் கரண்டியால் அந்தக் கஞ்சியைக் குடித்தாள். கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினாள். யாரோ ஓங்கரித்தார்கள்.

“நாளைக்கும் வந்து குடிக்கிறேன். நாளன்னிக்கும் குடிக்கிறேன். நான் கழிஞ்சு விழுந்தா எங்கள ஏத்துங்க. விழலன்னா விட்டுடுங்க.”

“புள்ளைக்கு வயித்துல வியாதி, ஆத்தாளுக்கு மண்டையில” என்றாள் கங்காணி பெண்டாட்டி.

“ஆமாக்கா. அதுவும் ஒட்டாது, கிட்ட வாங்க” என்றாள் அஞ்சலை. சிரித்தவர்களும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

மழையோ வெயிலோ, தினமும் பெரட்டில் குடித்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் துரை டிரெஸ்ஸரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இத்தனை காலத்தில் அந்த வீட்டிலிருந்து ஒருத்தருக்கும் ஒட்டவில்லை என்று டிரெஸ்ஸர் சொல்லியிருக்கிறார். கப்பல் பேச்சு நின்றது.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. நிறுத்த முடியாது. கீழ் லயத்துக் குப்பாயியை உங்களுக்கு நினைவிருக்கும். அவள் மகனுக்கு ரத்தக்கழிச்சல் வந்தது. அது நிஜமாகவே ஒட்டுகிற கழிச்சல். பிள்ளையைக் கொட்டகைக்கு அனுப்பப் பயந்துகொண்டு, அஞ்சலை செய்ததைப் பார்த்த குப்பாயி தானும் கிண்ணத்தோடு பெரட்டுக்கு வந்தாள். அவளும் எல்லோர் முன்னாலும் நின்று மகனுடைய எச்சில் கஞ்சியைக் குடித்தாள். அஞ்சலை வரிசையை விட்டு ஓடிப்போய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். அதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. “உம்புள்ளைக்கு மட்டும் நியாயம், எம்புள்ளைக்கு இல்லியா?” என்று குப்பாயி அவள் முடியைப் பிடித்துக்கொண்டாள். மகன் பிழைத்தான். குப்பாயி அந்த வாரம் தாண்டவில்லை. அவள் படுத்தது அந்தக் கஞ்சியாலா, ஏற்கெனவே வீட்டில் ஒட்டியிருந்ததாலா என்று டிரெஸ்ஸருக்கே தெரியாது.

அஞ்சலை என் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். “நான் பொய் சொல்லலண்ணே. எம்புள்ளைது ஒட்டாதுன்னுதான் சொன்னேன். ஆனா நான் குடிச்சதப் பாத்துத்தானே அவ குடிச்சா” என்றாள்.

அதன்பிறகு அவள் பெரட்டில் குடிக்கவில்லை. வேலை முடிந்ததும் லயம் லயமாக நடந்தாள். வாசலில் நின்றுகொண்டு, “எம்புள்ள கழிச்சல் வேற, உங்க புள்ளைங்களுக்கு வர்றது வேற. பாத்திரத்தக் கொதிக்க வைங்க. கையக் கழுவுங்க. என்னப் பாத்து எதுவும் செய்யாதீங்க” என்று சொல்லிக்கொண்டே போனாள். சில வீடுகளில் கேட்டார்கள். குப்பாயியின் சொந்தக்காரர்கள் தண்ணீரைக் கொட்டி விரட்டினார்கள். ஈரச் சேலையோடு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மாரிமுத்துவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை, களைத்துப் போனவன். ஒரு வருஷம் வள்ளிக்கு நோய் ரொம்ப முற்றியிருந்தது. வாயெல்லாம் புண், முழங்கால் வீக்கம், கண்ணைத் திறக்க முடியவில்லை. அவன் ரப்பர் ஏற்றுகிற பெட்டிப் பலகை சிலதை அறுத்து வாங்கி, படுக்கிற மேடைக்கு அடியில் ஒளித்து வைத்தான். சின்ன அளவில், வள்ளி உயரத்துக்கு அறுத்த பலகை. எதற்கென்று கேட்க வேண்டாம். அஞ்சலை கூட்டும்போது துடைப்பத்தில் தட்டுப்பட்டது. அவள் சண்டை போடவில்லை. வாசலில் போட்டு ஒவ்வொன்றாகப் பிளந்து, அடுப்பில் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். மாரிமுத்து வேலையிலிருந்து வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நல்லாக் காஞ்ச பலகைங்க. சீக்கிரம் வெந்துடுச்சு. உங்களுக்கும் ஒரு கிண்ணம் இருக்கு, குடிங்க” என்றாள். அவன் குடித்தான். அந்தத் தடவையும் வள்ளி எழுந்து உட்கார்ந்தாள்.

ஆனால் எழுந்து உட்கார்ந்தாளே தவிர வளரவில்லை. அவள் வயதுப் பெண்களெல்லாம் சடங்காகிவிட்டார்கள். வள்ளி எட்டு வயதுப் பிள்ளை மாதிரியே நின்றாள். “அஞ்சலை, எங்களுக்கு எப்பச் சடங்குப் புட்டு போடுவ?” என்று பெண்கள் கேட்பார்கள்.

“எம்பொண்ணுக்கு என்ன அவசரம்? அவ இன்னும் மடியில உக்காரலாம். உங்க பொண்ணு உக்காந்தா உங்க தொடை முறியும்.”

அவர்களும் சிரிப்பார்கள். ஒருநாள் விறகு இறக்கப் போனபோது, வீட்டுக்குப் பின்னால் அவள் வள்ளியின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. “அம்மா, நேத்துப் பாத்த அதே கைதான். புதுக் கை வரல” என்றாள் வள்ளி. அந்தப் பிள்ளைக்கு வாய் அவள் அம்மாவுடையது.

வலி தாங்காமல் வள்ளி ஒருமுறை, “என்ன விட்டுடும்மா, தூங்கறேன்” என்று சொன்னதாகப் பாக்கியம் என்னிடம் சொன்னாள். அதற்கு அஞ்சலை, “இன்னிக்கு விட மாட்டேன். நாளைக்குக் கேளு” என்றாளாம். மறுநாளும் கேட்டாளாம். மறுநாளும் அதே பதில்தானாம்.

இப்போது நிலவரம் என்னவென்றால், அம்மா போனதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நேற்றிலிருந்து மறுபடியும் ரத்தம் ஆரம்பித்திருக்கிறது. பாச்சாங்கிலிருந்து வந்திருக்கிற மாரிமுத்துவின் அக்கா தங்கமான மனுஷி. ஆனால், “நாலு நாள் நல்லா மொளகு ரசம் வச்சுக் குடுத்தாத் தேறிடுவா” என்கிறாள். கப்பலில் ஊருக்கு அனுப்பினால் குலதெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று இன்னொருவர் சொல்கிறார். யார் மேலும் எனக்குக் கோபமில்லை. அஞ்சலையும் ஒரு காலத்தில் விளக்கெண்ணெய் ஊற்றியவள்தான். ஆனால் அவளுக்குக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது. வள்ளி உடம்பில் இப்போது அவ்வளவு இல்லை. நானும் பாக்கியமும் பேசிவிட்டோம். பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கட்டும். மாரிமுத்து பக்கத்து வாசல்தான், வந்து பார்த்துக்கொள்ளட்டும். பிழைப்பாள் என்று நான் சொல்லவில்லை. அஞ்சலையும் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அவளிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று வாத்தியார் கேட்கிறார். நாம் எல்லோரும் பிள்ளை கூப்பிட்டால், “இரு, வரேன்” என்போம். அஞ்சலை வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதேயில்லை. வெட்டின மரத்துக்குக் கோப்பை வைக்காமல் ஓடியிருக்கிறாள், வேலை மேற்பார்க்கிற மண்டோர் திட்டத் திட்ட ஓடியிருக்கிறாள். அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். இனிமேல் வள்ளி கூப்பிட்டால் வண்டி பாலத்தில் நின்றாலும், துரையே எதிரில் நின்றாலும், நான் யாரோடு பேசிக்கொண்டு…

“மாமா…”

வாத்தியாரே, அது வள்ளி. வீட்டுக்குப் பின்னாலே, கக்கூஸ் குழிப் பக்கமிருந்து. பாக்கியம், தண்ணீர் எடுத்துக்கொண்டு வா. நீங்கள் உட்காருங்கள், நான் கொஞ்சம்…